ஆட்டாங்கல்லுக்கு மோட்டார் மாட்டிய ஊர்

மேட்டுப்பாளையத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி அலமாரியில் டோஸ்டர், சாண்ட்விச் மேக்கர், இத்தாலிக்காரர்களின் ரொட்டியை இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும் பனினி பிரஸ்... எல்லாம் பளபளவென்று அடுக்கியிருக்கும். அத்தனையும் வேறு ஏதோ தேசத்து நாக்குக்காக, வேறு ஏதோ தேசத்தில் யோசிக்கப்பட்ட எந்திரங்கள். கீழே தரையோடு தரையாகக் குண்டாக உட்கார்ந்திருக்கிறதே ஒன்று, அது மட்டும்தான் நம்ம ஆள். வெட் கிரைண்டர்! பிறந்த ஊர் அங்கிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். கோயமுத்தூர்.

‘கிரைண்டருக்கெல்லாம் என்னங்க பெரிய சரித்திரம்?’ என்று கேட்பீர்கள். ராஜாக்கள் போட்ட சண்டைகளைவிட, இந்த எந்திரம் நம் வீடுகளில் மாற்றிப் போட்ட விஷயங்கள் அதிகம்.

முதலில் ஆட்டாங்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு கையால் குழவியைச் சுற்ற வேண்டும். இன்னொரு கையால் மாவைத் தள்ளிவிட வேண்டும். ஆறேழு பேர் உள்ள வீட்டுக்கு அரிசி தனி, உளுந்து தனி என்று ஆட்டி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அந்தத் தோள்பட்டை யாருடையது? பெரும்பாலும் வீட்டு மருமகளுடையது. கொஞ்சம் வசதியான வீடு என்றால், கூலிக்கு வந்து ஆட்டிக் கொடுத்த ஒரு பெண்ணுடையது. எந்த வீட்டிலும் ஆம்பளையுடையது இல்லை!

கொங்கு நாட்டுக் கிராமங்களில் அந்தக் காலத்தில் இட்லி என்பது தீபாவளிப் பலகாரம். அல்லது விருந்தாளி வந்தால் பலகாரம். மற்ற நாட்களில் கம்பு, சோளம், ராகி. மழை குறைந்த பூமி, நெல் அபூர்வம் என்பது முதல் காரணம். ஆட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பது இரண்டாவது காரணம். (கம்பு இடிப்பது மட்டும் சுலபமா என்றால், இல்லை. அதற்கும் அதே தோள்பட்டைதான்.)

சரி, இட்லி தின்னும் ஊர்கள் எத்தனையோ இருக்க, கிரைண்டர் ஏன் கோயமுத்தூரில் பிறந்தது?

மேட்டுப்பாளையத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். எதிரே நீலகிரி. அந்த மலைமேல் பைக்காரா ஆற்றுத் தண்ணீரிலிருந்து 1930-களின் தொடக்கத்தில் மின்சாரம் எடுத்தார்கள். அது சமவெளிக்கு இறங்கி வந்ததும், கோயமுத்தூர் வட்டாரத்தின் தலையெழுத்தே மாறியது. 1888-லேயே பஞ்சாலை பார்த்த ஊர்தான். ஆனால், கரன்ட் வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று முளைத்தன. ஆழக் கிணறுகளில் கவலை இறைத்த குடியானவர்கள் மோட்டார் பம்புக்கு மாறினார்கள். மில் எந்திரத்துக்கும் பம்புக்கும் உதிரி பாகம் வேண்டுமே? தெருவுக்குத் தெரு லேத் பட்டறை, வார்ப்படப் பட்டறை வந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள்.

ஆக, மோட்டார் கைவசம். வார்ப்படம் கைவசம். கல்? ஊத்துக்குளி என்றால் உங்களுக்கு வெண்ணெய் ஞாபகம் வரும். கிரைண்டர்காரர்களுக்குக் கருங்கல்தான் ஞாபகம் வரும்! மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைத்தன. இவற்றை ஒன்றாகச் சேர்க்க ஒரு ஆள்தான் பாக்கி. 1955-ல் கோவையைச் சேர்ந்த பி.சபாபதி அதைச் செய்தார் என்பது பதிவான வரலாறு.

ஆட்டாங்கல்லில் உரல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் இதைத் தலைகீழாக்கினார்கள். குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டு, உரலைச் சுற்றவிட்டார்கள். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே... கல்லோடு கல் மெதுவாக உரச வேண்டும்.

இந்த ‘மெதுவாக’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மிக்ஸி என்ற போட்டியாளர் வந்தபோது இது நிரூபணமானது. மும்பையில் எஸ்.பி.மாத்தூர் என்ற என்ஜினீயர், தன் மனைவியின் வெளிநாட்டு மிக்ஸி இந்தியச் சமையலுக்குத் தாக்குப்பிடிக்காமல் போனதைப் பார்த்து, பலமான மோட்டார் போட்ட ‘சுமீத்’ மிக்ஸியைக் கொண்டுவந்தார். சட்னிக்கும் மசாலாவுக்கும் அது பிரமாதம். ஆனால் இட்லி மாவு? மிக்ஸியின் பிளேடு படுவேகத்தில் வெட்டும். மாவு சூடாகும். சூடு ஏறினால், மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. கல்லில் நிதானமாக ஆட்டும்போது உளுந்து காற்றை உள்ளே வாங்கிப் பந்தாகப் பொங்குகிறது. இட்லி பூப்போல வருவது அதனால்தான். மிக்ஸி வந்து இத்தனை வருடமாகியும் கிரைண்டர் சமையலறையை விட்டு வெளியேறாத ரகசியம் இதுதான்.

கரன்ட் பில்லுக்குப் பயந்தும் மிக்ஸி பக்கம் போக வேண்டியதில்லை. 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். 750 வாட் மிக்ஸி எட்டே நிமிடம் ஓடினாலும் அதே 0.1 யூனிட்!

கிரைண்டர் வந்ததும் பெண்களின் வேலை குறைந்ததா? இங்கேதான் ஒரு வேடிக்கை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், வீட்டு எந்திரங்களைப் பற்றி 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். எந்திரம் வர வர, வீட்டில் எதிர்பார்ப்பும் கூடிப்போய், அம்மாக்களின் வேலை குறையவேயில்லை என்பது அவர் வாதம். நம் ஊருக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் ரேஷன் அரிசி, மறுபக்கம் கிரைண்டர். தீபாவளி இட்லி, தினப்படி இட்லியாகிவிட்டது. கை வலி போனது. ஆனால், ‘காலையில் இட்லி, ராத்திரி தோசை’ என்ற புது உத்தரவு வந்து சேர்ந்தது. தெருவில் குரல் கொடுத்தபடி வந்து அம்மியும் ஆட்டாங்கல்லும் கொத்திக் கொடுத்தவர்களின் பிழைப்பும் மெல்லப் போனது. இன்னொரு பக்கம், அதே கிரைண்டரைப் போட்டு மாவு ஆட்டி விற்றுக் குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். கணக்கில் இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

மரியாதைகளும் வந்தன. 2005-06-ல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றது. டார்ஜிலிங் தேயிலை வாங்கிய அதே அந்தஸ்து! 2011-ல் ஜெயலலிதா அரசு மிக்ஸி, மின்விசிறியோடு கிரைண்டரையும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு வருடம் கழித்து மாநிலமே மின்வெட்டில் தவித்ததும், கிரைண்டரை வைத்துக்கொண்டு கரன்ட்டுக்குக் காத்திருந்ததும் தனிக் கதை. கொல்லைப்புறத்து ஆட்டாங்கல்லை விற்காமல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு. 2000-களில் ஓரிகன் மாநிலத்தின் ஜான் நான்சி போன்றவர்கள், வீட்டிலேயே சாக்லேட் செய்ய வழி தேடினார்கள். கோகோவை நைஸாக அரைக்க மலிவான எந்திரம் எது என்று பார்த்தால்... நம் டேபிள்டாப் கிரைண்டர்! நாள் முழுக்க ஓடுவதற்குத் தோதாக அதைப் பலப்படுத்தி, சாக்லேட்டுக்கென்றே தனி மாடல்கள் வந்துவிட்டன. இட்லிக்காகப் பிறந்தது, சாக்லேட்டும் ஆட்டுகிறது.

இனி மறுபடி கடைக்குள் வாருங்கள். எதை வாங்கலாம்? நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு லிட்டர் டேபிள்டாப் தாராளம். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஆட்டுபவர்கள், விசேஷம் அதிகமுள்ள வீட்டுக்காரர்கள், இடமும் இருந்தால் பெரியதைப் பார்க்கலாம். சாய்க்கும் மாடலில் மாவு வழிப்பது சுலபம், ஆனால் மேடையில் இடத்தை அடைக்கும். இரண்டு கல்லா, மூன்று கல்லா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். கல் அடிப்பாகத்தோடு நன்றாகப் படிந்து உட்காருகிறதா, பெல்ட்டும் மற்ற பாகங்களும் உள்ளூரிலேயே கிடைக்குமா என்று பாருங்கள். புதுசில் கொஞ்சம் பழைய அரிசியை ஆட்டிக் கொட்டிவிட்டால், கல்லில் ஒட்டிய தூள் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் சொல்லாதது. கல்லைத் தூக்கிக் கழுவப் போவது யார்? அவரைக் கையோடு கடைக்குக் கூட்டிப் போங்கள். அவரே தூக்கிப் பார்த்து, ‘இது சரிங்க’ என்று சொல்லட்டும். இத்தனை வருட சரித்திரத்தில் அவரிடம்தான் யாரும் கேட்டதில்லை. அவர் கனம் என்று சொன்னால், வேறு மாடல் பாருங்கள்... இல்லையென்றால், கழுவுகிற வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்!