சேத்துப்பட்டு: மருந்தை விளங்க வைத்தவர்கள்

புதுமைப்பித்தன் 1948-இல், தமது 42-ஆம் வயதில், காசநோயால் மறைந்தார் என்பதை வாசகர்கள் அறிவர். அந்நோயைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1943-இல், அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. எனினும் நம் நாட்டில் அது எளியவர் கைக்கு எட்டும் பொருளாக அன்று இல்லை. அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஓர் ஆய்வு காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அந்த ஆய்வைப் பற்றிப் பேசுவோர் மருத்துவர்களையும் புள்ளிவிவரங்களையும் குறிப்பிடுவார்கள். நாம் இங்கே பேச விழைவது அதில் பங்குகொண்ட செவிலியர்களைப் பற்றி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் காசநோய் வேதிமருத்துவ மையத்தை அங்கே நிறுவின. இங்கிலாந்திலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். அவர்கள் முன்னிருந்த கேள்வி எளிமையானது. நோயாளிகளோ லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகளோ மிகச் சில. அப்படியானால் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் நோய் தீருமா? நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினர். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்.

1959-இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. சானடோரியத்தில் நோய் அடங்கியோர் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். வீட்டிலிருந்தவர்களின் உணவு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் அரிது. அப்படியிருந்தும் வேறுபாடு இவ்வளவே. உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று மிகுந்துவிடவில்லை என்பது பின்னர் ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பில் உறுதியாயிற்று. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு என்று பல தலைமுறைகளாகப் போற்றப்பட்டு வந்த மருத்துவம் அத்துடன் தன் பீடத்தை இழக்கத் தொடங்கியது.

ஆனால் இந்த முடிவுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வீட்டிலிருப்பவர் ஓராண்டு முழுவதும், நாள்தோறும், மருந்தைத் தவறாமல் விழுங்கியாக வேண்டும். சானடோரியத்தில் செவிலியர் படுக்கையருகே நின்று கொடுப்பார். வீட்டில் யார் நிற்பது? அங்கேதான் மையத்தின் பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும் வருகிறார்கள்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள, அந்த இரு மருந்துகளின் குணத்தை அறிய வேண்டும். ஒன்று ஐசோனியாசிட், 1952-இல் காசநோய்க்கென அறிமுகமானது, விலை மலிவு. அதை உட்கொண்டவருக்குச் சில வாரங்களிலேயே காய்ச்சல் தணியும், பசி திரும்பும், உடம்பில் சதை பிடிக்கும். மற்றொன்று பி.ஏ.எஸ். எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் விழுங்க வேண்டும். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் கூடப்பிறந்தவை. அதனால் உண்டாகும் நன்மையோ நோயாளியின் கண்ணுக்குத் தெரியாது. ஐசோனியாசிட்டைத் தனியே கொடுத்தால் கிருமிகளில் சில அதற்கு ஈடுகொடுத்துப் பெருகிவிடும். அவ்வாறு பெருகாமல் காப்பதே பி.ஏ.எஸ்.ஸின் வேலை.

ஆக, நோயாளி தன் உடம்பை அளவுகோலாகக் கொண்டு முடிவெடுத்தால், காவலாக நிற்கும் மருந்தைத்தான் முதலில் தள்ளுவார். பசி திரும்பிய பின்னர் இரண்டையுமே நிறுத்திவிடுவார். இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. தன் அனுபவத்தை நம்பும் எந்த அறிவுள்ள மனிதரும் அதைத்தான் செய்வார். இதனாலேயே இரு மருந்துகளையும் பிரிக்க முடியாதபடி ஒரே மாவுக்கூட்டில் அடைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கூட்டை விழுங்கச் செய்வதற்கு வேறொன்று வேண்டியிருந்தது. உடம்பு சொல்வதை நம்பாதே, உனக்குள் இன்னும் கிருமி இருக்கிறது என்பதை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு அவர்மீது நம்பிக்கை பிறக்க வேண்டும்.

சொல்பவருக்கு மருந்தின் விளைவுகளும் தெரிந்திருக்க வேண்டும். விரல்களிலும் பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு தோன்றினால், அது ஐசோனியாசிட் நரம்பைத் தொடுவதன் அறிகுறி. ஊட்டம் குறைந்தவர்களிடம் அது எளிதில் தோன்றும். சிறிதளவு பி6 வைட்டமின் அதைத் தடுக்கும். இம்மையமே அது குறித்து ஆராய்ந்து 1963-இல் கட்டுரை வெளியிட்டது. பின்னாளில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடப்பட்ட காலத்தில் தலைசுற்றலையும் காது மந்தத்தையும் பற்றிக் கேட்டறிய வேண்டியிருந்தது. அந்த மருந்தை நாள்தோறும் கையாளும் செவிலியரின் கைத்தோலிலேயே அழற்சி உண்டாவதும் உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. எந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே மருத்துவரிடம் வர வேண்டும் என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவரின் அறிவுரை, முதல் குமட்டலிலேயே மதிப்பிழந்துவிடும்.

இதன் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. அதே பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்துகளை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி ஃபெரிக் குளோரைடு சேர்த்துச் சோதித்தார்கள், பி.ஏ.எஸ். உட்கொண்டிருந்தால் நிறம் மாறும். நோயாளிகள் தாமாக மருந்தெடுப்பதிலுள்ள சிக்கல்களை ஃபாக்ஸ் 1958-இலேயே கட்டுரையாக எழுதினார். போதிப்பவரும் அவரே, சோதிப்பவரும் அவரே. காலையில் நம்பிக்கையோடு பேசிவிட்டு, மாலையில் சந்தேகத்தோடு எண்ணுவது எளிதான காரியமன்று.

வரலாறு இவ்விரண்டில் ஒன்றையே பெயர்சூட்டி எடுத்துச் சென்றது. வாரம் இருமுறை, பணியாளர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையின் வெற்றியை இம்மையம் 1964-இல் அறிவித்தது. நேரடிக் கண்காணிப்பு என்னும் கொள்கை அதிலிருந்து வளர்ந்து, 1990-களில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 1997 முதல் இந்தியாவின் தேசியத் திட்டமாயிற்று. கண்காணித்தலை அட்டவணையில் குறிக்கலாம், எண்ணலாம். விளங்க வைத்தலுக்கு அட்டவணையில் இடமில்லை. ஆகவே அது பின்னுக்குப் போயிற்று என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் அதன் தேவை குறையவில்லை. ரிஃபாம்பிசின் வந்தபோது நோயாளியின் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாயின. முன்கூட்டிச் சொல்லப்படாதவர் அதை இரத்தமென்று எண்ணி அஞ்சுவார், மருந்தை விடுவார். அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைத்துவிடும் என்பதைப் பெண்களுக்குச் சொல்லாமல் விட்டால் விளைவு வேறு. எதாம்புட்டால் எடுப்பவரிடம், சிவப்பும் பச்சையும் பிரித்தறியத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் இரண்டு நிமிடப் பேச்சு. அந்தப் பேச்சு நிகழாவிட்டால் ஆறு மாத மருத்துவம் வீணாகலாம்.

2017-இல் தொடங்கி, இந்தியத் திட்டம் வாரம் மும்முறை என்பதைக் கைவிட்டு அன்றாட மருந்துக்கு மாறியது. மாத்திரை அட்டைகள் மீண்டும் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டன. பசி திரும்பிய மூன்றாம் மாதத்தில் அந்த அட்டையைப் பார்த்து, இனி எதற்கு என்று ஒருவர் யோசிக்கும் வேளை, 1956-இல் சேத்துப்பட்டுச் செவிலியர் சந்தித்த அதே வேளைதான்.

மையத்தின் புகழ்பெற்ற அந்த முதற்கட்டுரை தனிமனிதர் பெயரில் அன்றி மையத்தின் பெயரிலேயே வெளிவந்தது. 86, 92 என்ற எண்களை நாம் இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். அந்த 86 பேரில் ஒவ்வொருவருக்கும், குமட்டலோடு விழுங்கு என்று யாரோ காரணம் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொற்களும் மருத்துவ வரலாற்றைச் சேர்ந்தவையே.