ரயில் இல்லாத தீவில் ஒரு ரயில் படம்

அந்தமானில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கப்பல் தெரியும், விமானம் தெரியும், யானை மரம் இழுப்பதைப் பற்றிக்கூடப் பாட்டி தாத்தா சொல்லக் கேட்டிருப்பார்கள். ரயில் மட்டும் மெயின்லேண்ட் போனால்தான். முதன்முதலாக எழும்பூரில் இறங்கி என்ஜினைப் பார்த்த பிள்ளை, "இவ்வளவு பெரிசா!" என்று வாய் பிளந்து நின்ற கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ரயிலே இல்லாத ஊரின் மலரில் ரயிலைப் படம் எடுப்பதைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று அன்பர்கள் கேட்கலாம். ரயில் இல்லாத காரணத்தால்தான் நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் ரயில் படம் இருக்கிறது. அதற்கு ஒரு சான்றாக எங்கள் வீட்டுப் படம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

சதுரமான கறுப்பு வெள்ளைப் படம். பிளாட்பாரத்தில் அம்மா நிற்கிறார். இடுப்பில் என் அண்ணன். பின்னால் ஒரு நீராவி என்ஜின். அதன் முகப்பில் 'ஒய்.பி.' என்ற எழுத்துகள் தெரிகின்றன, எண்ணைப் புகை மறைத்துவிட்டது. மேலே இரண்டு மூன்று கம்பிகள். படத்தின் பின்பக்கம் வெறும் வெள்ளை. ஊரும் இல்லை, தேதியும் இல்லை. குடும்பம் முதன்முதலாக அந்தமானுக்குக் கப்பல் ஏற வந்தபோது எடுத்தது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். "அறுபத்து நாலு, புயல் அடிச்ச வருஷம்" என்பார் அத்தை. "இல்லக்கா, எழுபத்தஞ்சு இருக்கும்" என்பார் சித்தப்பா. அப்பா இப்போது இல்லை, கேட்க முடியாது. நம் குடும்பம் இந்தத் தீவுக்கு வந்த ஆண்டு எது என்ற கேள்விக்கு ஒரு துண்டுப் படம்தான் சாட்சி.

தீவும் தண்டவாளமும்

அந்தமானில் தண்டவாளமே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆங்கிலேயர் காலத்திலேயே காட்டு இலாகா, வெட்டிய மரங்களைக் கடற்கரைக்குக் கொண்டுவர ட்ராம் பாதைகள் போட்டது. யானைகளும் இதில் வேலை செய்தன. 1883இல் தொடங்கிய சாத்தம் மரஅறுவை ஆலைக்குள் மரக்கட்டைகளை நகர்த்தும் தள்ளுவண்டிப் பாதைகளைச் சுற்றுலா வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் பயணிகள் ஏறிப்போகும் ரயில் இங்கே ஓடவில்லை. 2017இல் போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் வரை சுமார் 240 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடும் திட்டம் பேசப்பட்டது. போட்ட பணம் திரும்பி வராது என்று கணக்குச் சொன்னபோதும், தீவின் முக்கியத்துவம் கருதி ரயில்வே ஆர்வம் காட்டியதாகச் செய்தி வந்தது. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. தண்டவாளம் இன்னும் வரவில்லை.

ஆகவே நம் மூத்தவர்களுக்கு ரயில் என்பது சென்னைத் துறைமுகத்துக்கு முந்திய ஒரு கட்டம். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூர் வந்து, அங்கிருந்து துறைமுகம் போய், இரண்டு மூன்று நாள் கடலில் கழித்து இங்கே இறங்கினார்கள். திரும்பிப் பார்க்க எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. அதனால்தான் வழியில் ஒரு போட்டோ.

நின்ற வண்டியும் ஓடும் வண்டியும்

பழைய குடும்பப் படங்களில் ரயில் எப்போதும் நின்றுகொண்டே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்குக் காரணம் காமிரா. அந்நாளில் நடுத்தரக் குடும்பத்தில் இருந்தது ஆக்ஃபா கிளிக் மாதிரியான எளிய பெட்டி. அதன் மூடி ஏறக்குறைய ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்திற்குள் 22 செண்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் என்ஜின் இருக்காது, ஒரு கறுப்புத் தீற்றல்தான் இருக்கும். ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு திறக்கும் விலையுயர்ந்த காமிராவில் அதே வண்டி இரண்டு செண்டிமீட்டர் அளவே நகரும். சக்கரம் தெளிவாக விழும். பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான் என்பதால், வீணாக்க யாருக்கும் மனம் வராது. "வண்டி நிக்கட்டும், அப்புறம் எடு" என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

பயம் வேறு இருந்தது. 1923ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டப்படி ரயில் பாதை, பாலம் போன்றவற்றையும் தடைசெய்யப்பட்ட இடமாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. பாலத்தருகே காமிராவை எடுத்தால் யாராவது வந்து "யார் நீங்க, எதுக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்பது சகஜம். குடும்பத்தை முன்னால் நிறுத்தி எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே நம்மிடம் உள்ள ரயில் படங்கள் எல்லாம் உண்மையில் ஆள் படங்கள். ரயில் பின்னணியில் தற்செயலாக அகப்பட்டது.

என்ஜினைத் தேடி வந்தவர்கள்

இதற்கு நேர்மாறாக, ஆளை விட்டுவிட்டு என்ஜினை மட்டும் எடுத்தவர்களும் உண்டு. பிரிட்டனில் 1968 ஆகஸ்டில் நீராவி வண்டி ஓட்டம் முடிந்தது. இந்தியாவிலோ சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1970களின் தொடக்கம்வரை நீராவி என்ஜின் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் வெளிநாட்டு ரயில் அன்பர்கள் காமிராவும் நோட்டுப் புத்தகமுமாக இங்கே வந்தார்கள். என்ஜின் எண், வகை, எந்தப் பணிமனை, எந்த நாள் என்று ஒவ்வொன்றையும் குறித்தார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், காலை வெயில் சக்கரத்தின்மேல் விழ வேண்டும், முகப்பும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் முறை. மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேயரின் ஆலோசனையுடன் 1977இல் டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் அமைந்தது. ஹ்யூ ஹியூஸ் என்பவர் இந்திய என்ஜின்களின் பட்டியலையே நான்கு பகுதிகளாக நூலாக்கினார். நம்மவர்களும் பின்தங்கவில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 1989இல் தொடங்கிய இந்திய ரயில் ரசிகர் மன்றம், ஆயிரக்கணக்கான படங்களைத் திரட்டியிருக்கிறது.

அவர்கள் படத்தில் எண் உண்டு, ஆள் இல்லை. நம் படத்தில் ஆள் உண்டு, எண் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரலாறு பேச ஆரம்பிக்கிறது.

படத்தைப் படிக்கும் முறை

எங்கள் வீட்டுப் படத்துக்கே வருகிறேன். 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ், 'பி' என்றால் பயணி வண்டிக்கான என்ஜின். 1949 முதல் 1970 வரை 871 ஒய்.பி. என்ஜின்கள் கட்டப்பட்டன, பலவற்றை ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டியது. ஆகவே படம் 1949க்குப் பிந்தியது.

மேலே தெரியும் கம்பிதான் பெரிய துப்பு. சென்னையில் பீச் முதல் தாம்பரம் வரை 1931லேயே மின்சார வண்டி வந்துவிட்டது. அது தாம்பரம் தாண்டி விழுப்புரம் வரை நீண்டது 1965இல். இந்தப் பாதைக்கென்றே ஜப்பானிலிருந்து மிட்சுபிஷி மின்சார என்ஜின்கள் 20 வந்தன. தெற்கிலிருந்து வரும் வண்டி விழுப்புரத்தில் நிற்கும். கரி என்ஜினைக் கழற்றி மின்சார என்ஜினை மாட்டுவார்கள். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இறங்கிக் காபி வாங்குவார்கள், குழந்தைக்கு வேடிக்கை காட்டுவார்கள், அப்பாவைப் போன்றவர்கள் காமிராவையும் எடுப்பார்கள். கரி என்ஜினும் மின்கம்பியும் ஒரே படத்தில் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, அத்தை சொன்ன 1964 இல்லை. அண்ணன் பிறந்தது 1966இல். இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மூன்று வயதுக்குமேல் மதிக்க முடியாது. எனவே சித்தப்பா சொன்ன 1975உம் இல்லை. 1968 அல்லது 1969 என்று வைத்துக்கொள்ளலாம். அத்தையிடம் இதைச் சொன்னேன். படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமாடா, என் கல்யாணம் முடிஞ்ச பிறகுதான் அவங்க கிளம்புனாங்க. புயலோட இதைச் சேத்து நெனச்சுட்டேன்" என்றார்.

அத்தை சொன்ன புயல், 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயல். பாம்பனிலிருந்து போன பயணி வண்டியை அலை அடித்துக்கொண்டு போக, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1914 முதல் எழும்பூரிலிருந்து போட் மெயிலில் வந்து, தனுஷ்கோடித் துறையில் கப்பல் மாறித் தலைமன்னார் போன வழி அன்றோடு முடிந்தது. இராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கால அளவே 'புயலுக்கு முன்னே, புயலுக்குப் பின்னே' என்றுதான். நினைவு தவறுவது இப்படித்தான்: பெரிய சம்பவம் சின்னதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இல்லாமல் போன பாதை

ஒரு மீட்டர் அகலத்துப் பாதையை ஐந்தரை அடி அகலப் பாதையாக மாற்றும் வேலை 1992க்குப் பிறகு வேகம் பிடித்தது. பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டி 2004இல் நின்றது. மானாமதுரை–இராமேசுவரம் 2007இல் மாறியது. செங்கோட்டையிலிருந்து பதிமூன்று கண் பாலம் வழியாகப் புனலூர் போன பாதை 2010இல் மூடப்பட்டு, 2018இல் அகலப் பாதையாகத் திறந்தது. 1914இல் கட்டிய பாம்பன் பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. வசதி கூடியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் தாய் தந்தையர் கப்பலுக்கு வந்த அந்தப் பாதை இன்று எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் மிச்சமிருப்பது மேட்டுப்பாளையம்–உதகை மலைப் பாதையில் மட்டும், 46 கிலோமீட்டர். அது 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மற்றது எல்லாம் படத்தில்தான்.

அந்தப் படமும் போனால்? கச்சால் தீவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய நம் மக்கள், எழுபதுகளில் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியேறினார்கள். மலைநாட்டு ரயில், தலைமன்னார்க் கப்பல், மண்டபம் முகாம், மறுபடி ரயில், மறுபடி கப்பல் என்று நம்மில் யாரையும்விட நீண்ட வழி வந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி கச்சாலைக் கடுமையாகத் தாக்கியது. உயிர் பிழைத்து வந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "வீடு கட்டிக் குடுத்தாங்க தம்பி, அரிசி குடுத்தாங்க. தலைமன்னார் டேசன்ல எங்க ஆத்தாவோட எடுத்த படத்தை யாரு குடுப்பா?" அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

நாம் செய்யக்கூடியது

சுனாமி வராத வீட்டிலும் உப்புக்காற்றும் ஈரமும் ஆல்பத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை இறக்குங்கள். ரயில், கப்பல், ஜெட்டி எது தெரிந்தாலும் அந்தப் படத்தை எடுத்து வைத்து, நல்ல வெளிச்சத்தில் பிரதி எடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து யார், எந்த ஊர், எங்கே போகும்போது என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். மையினால் எழுதினால் ஊறிவிடும். அவர்கள் சொல்லும் ஆண்டு தவறாக இருக்கலாம், பரவாயில்லை. எழுதிவைத்தால்தானே பிறகு சரிபார்க்க முடியும்?

மெயின்லேண்ட் போகும்போது பிள்ளைகளைச் சென்னை ஐ.சி.எஃப். அருகே 2002இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே நீராவி என்ஜின்களைக் காட்டி, "இந்த மாதிரி வண்டியிலதான் உங்க பாட்டி வந்தாங்க" என்று சொல்லி ஒரு படம் எடுங்கள். இன்றைய போனில் ஓடும் வண்டியும் தெளிவாக விழும். என்ஜின் எண்ணையும் சேர்த்து எடுங்கள், ஆளையும் சேர்த்து எடுங்கள்.

எங்கள் வீட்டுப் படத்தின் பின்னால் இப்போது எழுதியிருக்கிறது: 'விழுப்புரம், 1968 அல்லது 69. அம்மா, அண்ணன். எடுத்தது அப்பா.' இரண்டே வரி. அதை எழுத எங்களுக்கு ஐம்பது வருடத்துக்குமேல் ஆயிற்று.