ஆயிரம் அடியும் ஒரு சொல்லும்

நிலத்திலுள்ள ரேடாரின் பார்வை எட்டாத பெருங்கடல் வானில் வானூர்திகள் மோதாமல் காக்கும் விதிகளுள் ஒன்று, அவற்றிடையே மேல்கீழாக விடப்படும் இடைவெளி. அதன் வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமன்று, மொழியின் வரலாறுமாகும்.

உயரமானி உயரத்தை நேரே அளப்பதில்லை; காற்றழுத்தத்தை அளந்து உயரமாகக் காட்டுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று நலிவதால், சிறிய அழுத்தப் பிழையும் பெரிய உயரப் பிழையாகிவிடும். ஆகவே 29,000 அடிவரை 1,000 அடியாக இருந்த இடைவெளி, அதற்கு மேல் 2,000 அடியென நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்தது. கருவிகள் செம்மையுற்றபின், 1997 மார்ச் 27 அன்று வட அட்லாண்டிக் வானில் 33,000 அடி முதல் 37,000 அடிவரை அது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் பசிபிக் வானும் இம்முறையை ஏற்றது. ஒரே வானில் கூடுதல் அடுக்குகள் கிடைத்தன. பிழைக்குரிய இடமோ பாதியாயிற்று.

பிழை கருவியில் மட்டுமன்றிச் செவியிலும் பிறக்கும். இதற்குரிய சான்று கடல்வானில் அன்று, நம் அண்மையிலேயே உள்ளது. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங் வந்த ஃபிளையிங் டைகர் 66 என்னும் சரக்கு வானூர்தியை, 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் பணித்தார். எண்ணை ‘டூ ஃபோர் சீரோ சீரோ’ என இலக்கம் இலக்கமாக மொழிந்தார். முதற்சொல் விமானியின் செவியில் எண்ணாகப் படவில்லை. ‘வரை’ எனப் பொருள்தரும் ‘டு’ ஆயிற்று. அவர் ‘ஃபோர் சீரோ சீரோ’ என மறுமொழிந்தார். அதனை எவரும் திருத்தவில்லை. தரை நெருங்குவதைக் கருவி எச்சரித்தும் பயனின்றி, வானூர்தி 437 அடி உயரத்தில் குன்றில் மோதியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர்.

தமிழிலும் ‘இரு’ என்பது எண்ணுமாகும், ‘தங்கு’ என்னும் ஏவலுமாகும். வகுப்பறையில் சூழல் பொருளைத் தெளிவிக்கும். அன்று சுபாங்கிலோ இரு பொருளும் சூழலுக்குப் பொருந்தி நின்றன. ஆயிரம், நூறு என்னும் இடப்பெயர்களைச் சேர்த்து ‘டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ எனச் சொல்லியிருப்பின் இம்மயக்கத்திற்கு இடமிராது.

கடல்வானில் நெடுங்காலம் இரைச்சல் மிகுந்த சிற்றலை வானொலியே துணையாக இருந்தது. இன்று எழுத்துவழி ஆணைகளும் செல்கின்றன. எனினும் குரல்வழி ஆணையைப் பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்வதும், சொன்னவர் அதனைச் செவிமடுத்துச் சரிபார்ப்பதும் மாறாத கடமைகளாகவே நீடிக்கின்றன. எண்ணுப்பெயர்களைப் பயிற்றும்போது எழுத்தோடு ஒலிப்பையும், சொல்வதோடு கேட்பதையும் நாம் பயிற்றவேண்டிய காரணம் இதுவே.