சாலையோர உதவி

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்ட வண்டியை அதே இடத்தில் சரிசெய்து கிளப்புவதும், முடியாதபோது பட்டறைக்கு இழுத்துச் செல்வதும் சாலையோர உதவி எனப்படும். திருவள்ளூர் மாவட்டத்தில் இதற்கு முதன்மையான களம், சென்னையிலிருந்து காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் வழியாக ஆந்திர எல்லைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 16. முன்பு இதன் எண் 5. பழகிய பெயர் ஜி.என்.டி. ரோடு. சிப்காட் ஆலைகளின் இரும்பு லாரிகளும், துறைமுகக் கன்டெய்னர்களும், ஷிப்ட் முடிந்து திரும்பும் வேன்களும் இரவெல்லாம் ஓடும் சாலை இது.

வரலாற்றை ஸ்டெப்னியிலிருந்து தொடங்குவதே முறை. தொடக்ககாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் நடுவழியில் டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, காற்றடித்து மாட்ட வேண்டும். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் ஆரமில்லாத வளையத்தில் காற்றடித்த டயரைப் பொருத்தி விற்றனர். பஞ்சரான சக்கரத்தின்மேல் அதை முடுக்கிவிட்டு வண்டியை ஓட்டிப் போகலாம். அந்த வளையம் வழக்கொழிந்தது. தெருவின் பெயரோ நம் பஞ்சர் கடைகளில் தமிழாகவே ஆகிவிட்டது.

பிரிட்டனில் 1905-இல் தொடங்கிய ஆட்டோமொபைல் அசோசியேஷனின் முதல் வேலை பழுது பார்ப்பதன்று. வேகமாக ஓட்டுவோரைப் பிடிக்கப் போலீசார் மறைந்திருக்கும் இடங்களை ஓட்டுநர்களுக்கு எச்சரிப்பது. இழுவை வண்டி அமெரிக்காவின் சட்டனூகா நகரில் பிறந்தது. ஓடையில் கவிழ்ந்த காரைக் கயிறு கட்டி ஆட்கள் இழுத்துக் களைத்ததைக் கண்ட எர்னஸ்ட் ஹோம்ஸ், 1916-இல் பழைய காடிலாக்கில் மூன்று கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பூட்டினார்.

நம் பக்கத்தில் கார் செய்யும் தொழிலும் பழையதே. சென்னையில் குதிரை வண்டி கட்டிய சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் செய்தார். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் லான்சர் கார்களைத் தயாரித்தது.

வண்டியை வழியில் நிறுத்தும் பழுதுகளில், ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவது தனி வகை. புது பேட்டரி போட்டும் வாரத்தில் இறங்கிவிட்டால் குற்றம் பெரும்பாலும் டைனமோவில். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் காட்ட வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் அப்படியே. கசிவைத் தேடாவிட்டால் ஒருநாள் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

அடிக்கடி நிற்கும் புதுக்காரை மாற்றித்தர வைக்கும் தனிச்சட்டத்தை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் இயற்றியது. இந்தியாவில் அப்படிச் சட்டமில்லை; நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாருதி உத்யோக் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்துக்கே பொருந்தும், முழுக் காருக்கு அல்ல என்றது. நியாயமான தீர்ப்புதான்; ஆனாலும் வழியில் நின்ற நாட்களின் இழப்பு வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி, போக்குவரத்துக்கு ஆபத்தாகக் கைவிடப்பட்ட வண்டியை உடனே அகற்றலாம், செலவு உரிமையாளருடையது.

இன்று தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033-ஐ அழைக்கலாம். கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்தப் பக்கம் போகும் வழி என்பதையும் சொல்லிவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் வைத்து, குழந்தைகளோடு தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வேண்டும். இருட்டில் வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது.