சட்டத்தின் வாயிலால் வந்த சர்வாதிகாரம்

சர்வாதிகாரி என்றதும் படைகொண்டு வந்து தலைநகரைக் கைப்பற்றும் ஒருவனின் உருவமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். ஜேர்மனியில் நிகழ்ந்தது அதுவன்று. 1933ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆம் நாள் அடோல்ப் ஹிட்லர் ஆட்சிப்பீடம் ஏறியபோது எந்த மாளிகையும் முற்றுகையிடப்படவில்லை. குடியரசுத் தலைவர் ஹின்டன்பேர்க் அவரை முறைப்படி அழைத்தார். அவரும் அரசியலமைப்பைக் காப்பதாக முறைப்படி உறுதிமொழி கூறிச் சான்சலர் என்னும் முதலமைச்சர் பதவியை ஏற்றார். அவ்வாறாயின் அந்நாட்டின் சனநாயகம் எங்கே தவறிற்று?

முதலாம் உலகப்போரின் தோல்விக்குப் பின், 1919இல் வைமார் நகரிலே வகுக்கப்பட்ட அரசியலமைப்பு அக்காலத்தில் மிக முற்போக்கானது எனப் போற்றப்பட்டது. ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை உண்டு. கட்சிகள் பெற்ற வாக்குக்கு ஏற்பவே ஆசனங்கள். ஆயினும் அதன் 48ஆம் உறுப்புரை, பொது அமைதிக்கு இடர் நேரும்போது குடியரசுத் தலைவர் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைத்து ஆணைகளால் ஆளலாம் என இடமளித்தது. முதற் குடியரசுத் தலைவரான ஏபேர்ட் இவ்வதிகாரத்தைக் குடியரசைக் காக்கவே கையாண்டார் என்பதை மறத்தலாகாது. கருவி ஒன்றே, பிடித்த கைகள் வேறு.

1923 நவம்பரில் மியூனிக் நகரில் ஹிட்லர் ஆயுதக் கிளர்ச்சி ஒன்றை நடத்தித் தோல்வியுற்றார். ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டும், அடுத்த ஆண்டு முடியுமுன்னரே விடுதலை பெற்றார். அரசை வன்முறையால் வீழ்த்துதல் அரிது, வாக்குப்பெட்டி வழியாகவே உட்புகல் வேண்டும் என்பதே அவர் கற்ற பாடம். எனினும் 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை நூற்றுக்கு 2.6 வாக்குகளும் 12 ஆசனங்களுமே. 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிற்று. அமெரிக்கக் கடன்கள் வற்றின. 1932இன் தொடக்கத்தில் வேலையற்றோர் ஏறக்குறைய அறுபது இலட்சம் பேர்.

பசியே ஹிட்லரைக் கொணர்ந்தது என்று சிலர் எளிதிற் கூறிவிடுவர். அது முழு உண்மையன்று. அமெரிக்காவிலும் தொழிலாளரில் நால்வருக்கு ஒருவர் வேலையிழந்து நின்றார். அங்கே குடியாட்சி நிலைத்தது. ஜேர்மனியிலும் வேலையற்றோர் பலர் பொதுவுடைமைக் கட்சியையே நாடினர். ஹிட்லருக்குத் திரண்ட வாக்குகளிற் பெரும்பகுதி, உள்ளதையும் இழந்துவிடுவோமோ என அஞ்சிய சிறு விவசாயிகள், கடைக்காரர், உத்தியோகத்தர் ஆகியோருடையது.

ஆழ்ந்து நோக்கற்பாலது பாராளுமன்றத்தின் தளர்ச்சியே. 1930 மார்ச்சில் வேலையற்றோர் காப்புறுதிக்கான கட்டணத்தை எவ்வளவு உயர்த்துவது என்ற பிணக்கினால் கூட்டு மந்திரிசபை கலைந்தது. அடுத்து வந்த புரூனிங் 48ஆம் உறுப்புரையின்படி ஆணைகளால் ஆண்டார். அவ்வாணையைப் பாராளுமன்றம் நிராகரித்தபோது பாராளுமன்றமே கலைக்கப்பட்டது. அதனால் வந்த செப்டெம்பர்த் தேர்தலில் நாஜிகளின் 12 ஆசனங்கள் 107 ஆயின! 1932இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களை ஆணைகள் பன்மடங்கு விஞ்சின. ஹிட்லர் வருமுன்னரே மக்கள் சபையின்றி ஆளப்படுவதற்குப் பழகிவிட்டனர்.

1932 ஜூலையில் 230 ஆசனங்கள் பெற்ற அக்கட்சி, நவம்பரில் இருபது இலட்சம் வாக்குகளை இழந்து 196 ஆசனங்களுக்கு இறங்கியது. அலை வடியத் தொடங்கிய அவ்வேளையிலேதான் மேன்மக்கள் எனப்பட்டோர் கைகொடுத்தனர். பதவியிழந்த முன்னாட் சான்சலர் பாப்பன், தம்மை அடுத்து வந்த ஷ்லைகரைப் பழிவாங்கக் கருதி, ஜனவரி 4ஆம் நாள் கொலோன் நகரில் வங்கியாளர் ஒருவரின் இல்லத்தில் ஹிட்லரைச் சந்தித்தார். புதிய மந்திரிசபையில் ஹிட்லரோடு நாஜிகள் மூவரே, ஏனையோர் பழைமைவாதிகள். அவரைச் சூழ்ந்திருந்து கட்டுப்படுத்தலாம் என்று பாப்பன் கணக்கிட்டார். ஆனால் அம்மூவருள் ஒருவரான கோரிங்கிடம் பிரஷ்யாவின் பொலிஸ் படை ஒப்படைக்கப்பட்டது. நாட்டு மக்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் வாழ்ந்த மாநிலம் அது. அதன் சட்டபூர்வமான அரசை 1932 ஜூலையில் நீக்கியவர் பாப்பனே. வானொலியை அரசின் கைக்குள் கொணர்ந்ததும் அவர் அரசே. வீட்டைத் திறந்துவைத்தவர் ஒருவர், குடிபுகுந்தவர் மற்றொருவர்.

பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே, அதே 48ஆம் உறுப்புரையின்கீழ், பேச்சுரிமையும் கூட்டமுரிமையும் நிறுத்தப்பட்டன. பொதுவுடைமையர் ஆயிரக்கணக்கிற் சிறைப்பட்டனர். இத்தனைக்குப் பின்னும் மார்ச் 5ஆம் நாட் தேர்தலில் நாஜிகளுக்கு நூற்றுக்கு 43.9 வாக்குகளே கிடைத்தன. கூட்டாளிகளைச் சேர்த்தே பெரும்பான்மை.

மார்ச் 23ஆம் நாள் குரோல் நாடக அரங்கிற் சபை கூடியது. பாராளுமன்றம் இன்றியே சட்டமியற்றும் அதிகாரத்தை மந்திரிசபைக்கு வழங்கும் மசோதா. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் எவரும் சபையில் இல்லை. அரங்கினுள்ளும் புறத்தும் கட்சியின் சீருடைப் படையினர் நின்றனர். கத்தோலிக்க மத்திய கட்சி ஹிட்லரின் வாக்குறுதிகளை நம்பி இசைந்தது. சமூக சனநாயகக் கட்சியின் ஒட்டோ வெல்ஸ் ஒருவரே எழுந்து மறுத்துரைத்தார். அவர் கட்சியின் 120 உறுப்பினருள் வரமுடிந்தவர் 94 பேர். தொண்ணூற்று நால்வரும் எதிர்த்தே வாக்களித்தனர். ஆதரவு வாக்குகள் 444.

அச்சட்டம் நான்கு ஆண்டுக்கே உரியது என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. 1937இலும் 1939இலும் 1943இலும் அது நீடிக்கப்பட்டது. 1933 ஜூலை 14ஆம் நாளிலிருந்து வேறு கட்சி அமைப்பதே குற்றமாயிற்று. ஷ்லைகர் 1934 ஜூன் 30ஆம் நாள் தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பாப்பன் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டுப் பின் தூதுவராக வியன்னாவுக்கு அனுப்பப்பட்டார். நாடுகடந்து வாழ்ந்த வெல்ஸ் 1939இல் பாரிஸ் நகரில் மறைந்தார். 1949இல் மேற்கு ஜேர்மனிக்கு அடிப்படைச் சட்டம் வகுத்தோர், குடியரசுத் தலைவருக்கு ஆணைகளால் ஆளும் அதிகாரத்தை அளிக்கவில்லை. வேறொருவரைத் தேர்ந்தாலன்றிச் சான்சலரைப் பாராளுமன்றம் நீக்கவியலாது என்றும் விதித்தனர்.