கேட்கப்படாத டொமைன்: மின்னஞ்சல் சர்வர்கள் பயனரை அடையாளம் கண்ட முறையின் வளர்ச்சி

அஞ்சல் பெட்டியைத் திறக்க இன்று முழு மின்னஞ்சல் முகவரியையே பயனர்பெயராகத் தட்டுகிறோம். இது தொடக்கத்திலிருந்தே இருந்த வழக்கம் அன்று. நெறிமுறை ஒன்றில் விடுபட்ட கேள்விக்குப் பயனரே சொல்லிவரும் விடை இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. இயந்திரமும் பெயரும்

1971இல் ரே டாம்லின்சன் @ குறியைத் தேர்ந்தபோது அதன் வலப்பக்கம் ஓர் இயந்திரத்தையும், இடப்பக்கம் அவ்வியந்திரத்தில் கணக்கு வைத்திருந்தவரையும் குறித்தன. யூனிக்ஸ் கணினிகளிலும் இதே நிலைதான்: பயனர் பட்டியலில் உள்ள பெயரே அஞ்சல் பெட்டியின் பெயர். எனவே பயனரையும் பெட்டியையும் பொருத்திப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்.எஃப்.சி. 974 என்ற இணைய நெறிமுறை ஆவணம் முகவரிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான இந்த முடிச்சை அவிழ்த்தது. எம்.எக்ஸ். பதிவுகளின் வழியே ஒரு டொமைனின் அஞ்சலை வேறொரு இயந்திரம் பெறலாம் என்றானது. ஒரே சர்வர் பல டொமைன்களுக்கு அஞ்சல் நிலையமாக இருக்கவும் வழி பிறந்தது.

2. சிக்கல்

இரு நிறுவனங்கள் ஒரே சர்வரைப் பகிர்கின்றன. இரண்டிலும் ‘குமரன்’ இருக்கிறார். வரும் அஞ்சலில் குழப்பமில்லை, அஞ்சலை அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி. பெறுநரின் முழு முகவரியையும் சொல்லிவிடும். அஞ்சலை எடுக்க வரும்போதுதான் சிக்கல். 1988இல் வெளியான பாப்3 நெறிமுறையில் பயனர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டுமே தருகிறார். எந்த டொமைனை நாடி வந்தார் என்று சர்வர் கேட்பதில்லை.

இணையதளங்களுக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. 1997 ஜனவரியில் வந்த எச்.டி.டி.பி. 1.1, தளத்தின் பெயரை ஒவ்வொரு கோரிக்கையிலும் கட்டாயமாக்கி அதைத் தீர்த்தது. பாப்3இல் அத்தகைய கட்டளை சேரவில்லை.

3. மூன்று வழிகள்

டொமைனுக்கு ஒன்றாகத் தனி ஐ.பி. எண் தருவது முதல் வழி. எண்கள் அரிதானதால் அது நெடுங்காலத்துக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது, சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளின் பெயர்ப்பு அட்டவணை: முகவரி ஒன்று, உள்நுழையும் பெயர் வேறொன்று. பயனர் இரண்டையும் நினைவில் கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவது வழியே நிலைத்தது: டொமைனைப் பயனர்பெயருக்குள்ளேயே சேர்த்துவிடுவது. டேனியல் பெர்ன்ஸ்டைனின் கியூமெயில், 1998 டிசம்பரில் வெளிவந்த வீட்சே வெனமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் ஆகிய அஞ்சல் மென்பொருள்கள் யூனிக்ஸ் பட்டியலில் இல்லாதவர்க்கும் அஞ்சல் பெட்டி தர இடமளித்தன. கணக்குகள் தரவுத்தளங்களுக்குக் குடிபெயர்ந்தன. முழு முகவரியே தேடுதலுக்கான திறவுகோலாயிற்று. பயனர்பெயரில் @ குறியை ஏற்காத பழைய மென்பொருள்களுக்காக % குறியையும் சில சர்வர்கள் ஏற்றன.

4. ஒப்பிடும் விதிகள்

2002இல் டிமோ சிரைனன் வெளியிட்ட டவ்காட் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள், கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதையும் பெட்டி இருக்கும் இடத்தைக் கண்டறிவதையும் இரு தனிப்பணிகளாகப் பிரித்தது. டொமைன் இல்லாத பெயர் வந்தால், நிர்வாகி குறித்துவைத்த டொமைனைச் சேர்த்துக்கொள்ளவும் அதில் வழியுண்டு. @ குறிக்கு இடப்பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு என்கிறது எஸ்.எம்.டி.பி. தரநிலை, நடைமுறையிலோ பல சர்வர்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கியே ஒப்பிடுகின்றன.

2012இல் ஆர்.எஃப்.சி. 6531 பிறமொழி எழுத்துகளை முகவரியில் அனுமதித்ததும், தமிழுக்கும் பெயர்களை ஒப்பிடுவது சொந்தச் சிக்கலாயிற்று. ‘கொ’ என்பதை யூனிகோடில் ககரத்துடன் ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டு சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இவற்றை ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே பயனர்பெயர்களை ஒப்பிட வேண்டும் என்கிறது 2017இன் ஆர்.எஃப்.சி. 8265.

முடிவு

ஒரு காலத்தில் கணக்கின் பெயர் மட்டுமே போதுமாக இருந்தது. இன்று டொமைன், எழுத்து வடிவம், ஒப்பீட்டு விதி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒருவரை அடையாளம் காட்டுகின்றன. இவற்றுள் ஒன்று பிசகினாலும் ‘கொற்றவை’ என்று சரியாகவே தட்டியவர் தம் பெட்டியின் வாசலில் நின்றுவிடுவார். ஒப்பீட்டு விதிகளை வகுப்போர் தமிழ் எழுத்தின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டியது இதனால்தான்.