நடுகல்

போரிலோ ஆநிரைப் பூசலிலோ மாண்ட வீரனுக்காக நட்ட கல். 'நடு' என்னும் வினையடியோடு 'கல்' சேர்ந்த வினைத்தொகை. நட்ட, நடுகிற, நடும் என முக்காலமும் இதில் அடங்கும். மையத்தைக் குறிக்கும் 'நடு' வேறு. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரையிலான படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. பெயரும் பீடும் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்தார்கள்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களுள் ஒன்று, ஆகோள் எனப்படும் ஆநிரை கவரும் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரைத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் தாங்கி நிற்கிறது. பூசலில் உயிர்விட்ட ஒருவனின் பெயரை இன்றும் படிக்க முடிவது எவ்வளவு பெரிய பேறு! செங்கம், தருமபுரிப் பக்கம் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். உங்கள் ஊரில் நடுகல் இருந்தால், அதன் எழுத்தின்மேல் சுண்ணாம்பு பூச விடாதீர்கள்.